முடி கரையும், தோல் நிற்கும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் ஊர்களில் தினமும் நடக்கும் காரியம் இது. அங்கே வேலை செய்பவர்களுக்கு இதில் வியப்பே கிடையாது. உப்புப் போட்டு வந்த ஆட்டுத்தோலை ஊறவைத்துக் கழுவுகிறார்கள். சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் சேர்த்துக் குழைத்த கூழைச் சதைப்பக்கம் பூசி, மடித்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டுப் போகிறார்கள். மறுநாள் வந்து கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளினால் முடி கொத்தாக நகர்ந்து வந்துவிடும். மாட்டுத்தோல் என்றால் வேலை இன்னும் முரட்டுத்தனம். டிரம்முக்குள் சல்பைடைத் தாராளமாகப் போட்டுச் சுற்றவிட்டால், சில மணி நேரத்தில் முடி சாம்பல் நிறக் கூழாகிச் சுண்ணாம்புத் தண்ணீரோடு போய்விடும். தோல் மட்டும் வெளேரென்று, முன்னைவிடத் தடித்து, முழுசாக வெளியே வரும்.

முடியும் புரதம், தோலும் புரதம். இரண்டும் இருந்தது ஒரே மாட்டின் மேல், விழுந்தது ஒரே டிரம்மில், குடித்தது ஒரே மருந்தை. ஒன்று கரைகிறது, மற்றது ஏன் கரையவில்லை?

இதற்கு விடை தெரிந்துகொண்டால், பார்லர் நாற்காலியில் உட்காரும்போது என்ன சொல்ல வேண்டும் என்பதும் தெரிந்துவிடும் என்பது என் கட்சி. ஸ்மூத்தனிங் என்ற பெயரில் தலையில் பூசும் கிரீமும் ஆம்பூர் டிரம்முக்குள் போகும் சல்பைடும் முடியின் ஒரே இடத்தைத்தான் தொடுகின்றன. எவ்வளவு தொடுகின்றன, எப்போது நிறுத்துகின்றன என்பதில்தான் வேறுபாடு.

தோலின் புரதத்துக்குக் கொலாஜன் என்று பெயர். முடியின் புரதம் கெரட்டின். முடி கருகும்போது வரும் நாற்றம் எல்லோருக்கும் தெரியும். அதில் பெரும்பங்கு கந்தகத்தின் வேலை. மனித முடியின் எடையில் ஏறத்தாழ 5 சதவீதம் கந்தகம்தான். கெரட்டின் நீளநீளமான இழைகளாக இருக்கிறது. பக்கத்துப் பக்கத்து இழைகளில் இருக்கும் கந்தக அணுக்கள் இரண்டிரண்டாகக் கைகோத்து இழைகளைப் பிணைக்கின்றன. இதைக் கந்தகப் பாலம் என்று சொல்லலாம். ஓர் ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள். நெடுக நிற்கும் இரண்டு மரங்களும் புரத இழைகள், குறுக்குப் படிகள் கந்தகப் பாலங்கள். படிகள் இருக்கும்வரை ஏணி வளைந்துகொடுக்கும், ஆனால் உருக்குலையாது. படிகளை அறுத்துவிட்டால் மிஞ்சுவது இரண்டு கழிகள்.

சல்பைடு செய்வது படி அறுக்கும் வேலை. சுண்ணாம்பின் காரம் முடியை ஊதிப் பருக்கவைத்துச் சல்பைடு உள்ளே போக வழி விடுகிறது. உள்ளே போன சல்பைடு பாலங்களை உடைக்கிறது. தோலின் கொலாஜனில் இந்தக் கந்தகப் பாலமே கிடையாது, அதன் இழைகள் வேறு வகையில் முறுக்கிப் பிணைந்தவை. அறுக்கப் படியே இல்லாத இடத்தில் சல்பைடுக்கு வேலையும் இல்லை. ஒரு திருத்தம் சேர்க்க வேண்டும். தோலின் மேல்படலமும் கெரட்டின்தான், அதுவும் முடியோடு சேர்ந்து போய்விடும். செருப்பாகவும் பையாகவும் ஆவது அதற்கு அடியில் இருக்கும் படலம். முடிநீக்கும் கிரீமை டப்பாவில் போட்டிருக்கும் நேரத்துக்கு மேல் விட்டுவைத்தால் தோல் ஏன் எரிகிறது என்பதற்கும் அந்த மேல்படலக் கெரட்டினே காரணம்.

இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது தனிக்கதை. 1930-களில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில், கம்பளி ஆலைகளின் நடுவே, வில்லியம் ஆஸ்ட்பரி என்பவர் ஆட்டு ரோமத்தின் வழியாக எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சிப் படம் எடுத்தார். ரோமத்தை ஈரமாக்கி இழுத்துப் பிடித்தபோது படத்தில் புள்ளிகளின் அமைப்பு மாறியது. விட்டதும் பழைய அமைப்பே திரும்பி வந்தது. அப்படியானால் உள்ளே இருக்கும் இழை சுருண்டு கிடக்கிறது, இழுத்தால் நீள்கிறது, ஏதோ ஒன்று அதைப் பழைய இடத்துக்குத் திருப்பிக் கொண்டுவருகிறது. அந்தச் சுருளின் துல்லியமான வடிவத்தை 1951-இல் லைனஸ் பாலிங் குழுவினர் சொன்னார்கள். இதற்கிடையே, 1934-இல், நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் ஆய்வுக்கழகத்தில் கோடார்டும் மிக்கேலிசும் கம்பளியைத் தயோகிளைகாலிக் அமிலத்தின் காரக் கரைசலில் போட்டுப் பார்த்தார்கள். கம்பளி கரைந்தது. வயிற்றில் இருக்கும் செரிமான நொதிகளால் கெரட்டினை ஒன்றும் செய்ய முடியாது. பாலம் உடைந்த பிறகு அதே நொதிகள் அதைச் செரித்தன. கெரட்டினின் பிடிவாதம் முழுக்கப் பாலத்தில்தான் இருக்கிறது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டியதில்லை. (நொதி வேதியியல் படித்தவர்கள் மிக்கேலிஸ்–மென்டன் என்று மனப்பாடம் செய்திருப்பார்களே, அந்த மிக்கேலிஸ்தான் இவர்.)

அடுத்த பத்தாண்டுக்குள் அந்தத் தயோகிளைகாலிக் அமிலம் அழகு நிலையத்துக்கு வந்துவிட்டது. அதுவரை முடியை நிரந்தரமாகச் சுருட்ட மணிக்கணக்காகச் சூடான உருளைகளில் கட்டித் தொங்கவிட வேண்டியிருந்தது. இப்போது சூடு இல்லாமலே சுருட்டலாம், அதே முறையில் நீட்டவும் செய்யலாம். முதல் கிரீம் பாலங்களில் ஒரு பகுதியை உடைக்கும். முடி தளர்ந்திருக்கும் அந்த நேரத்தில் இழுத்து, அயர்ன் போட்டு, வேண்டிய வடிவுக்குக் கொண்டுவருவார்கள். பிறகு நியூட்ரலைசர். அதில் இருப்பது பெரும்பாலும் ஹைட்ரஜன் பெராக்சைடு. அது உடைந்த கந்தகங்களைப் புதிய இடத்தில், புதிய ஜோடிகளாகச் சேர்த்துவைக்கும்.

முடிநீக்கும் கிரீமின் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். பல கிரீம்களில் அதே அமிலத்தின் உப்பான தயோகிளைகாலேட் இருக்கும். ஸ்ட்ரெய்ட்னிங் கிரீமின் கார அளவு (pH) 9-ஐ ஒட்டி நிற்கும், முடிநீக்கும் கிரீமில் அது 12-ஐ ஒட்டிப் போகும். இந்த அளவுகோலில் ஒவ்வோர் எண்ணும் பத்து மடங்கு, ஆகவே மூன்று எண் என்றால் ஆயிரம் மடங்கு. தலைமுடியை அழகாக்கும் பொருளும் கால்முடியை அழிக்கும் பொருளும் ஒன்றாக இருக்கும்போது, ‘எவ்வளவு நேரம்’, ‘எந்த மாதிரி முடி’ என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை தெரியாமல் எந்தப் பார்லர்காரரும் வேலையைத் தொடங்கக்கூடாது. முதல் கேள்விக்கான விடை அவருடைய அனுபவத்தில் இருக்கிறது. இரண்டாவதற்கான விடை நம் வாயில் இருக்கிறது.

நாம் காட்டுவதோ போனில் ஒரு நடிகையின் படம்.

படத்தால் கொஞ்சம் பயன் உண்டு, வெட்டுவதற்கு. அதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. முடியில் கந்தகப் பாலம் தவிர ஹைட்ரஜன் பிணைப்பு என்று இன்னொன்றும் உண்டு. தனித்தனியாகப் பார்த்தால் நோஞ்சான், எண்ணிக்கையில் ஏராளம். தண்ணீர் பட்டால் விடும், காய்ந்தால் பிடிக்கும். காலையில் அயர்ன் போட்ட முடி வேலூர் வெயிலில் வியர்த்ததும் பழையபடி சுருண்டுகொள்வது இதனால்தான். அயர்ன் இந்தப் பிணைப்புகளை மட்டுமே மாற்றி வைத்திருந்தது, பாலங்கள் பழைய வடிவத்தையே பிடித்துக்கொண்டிருந்தன. சுருள்முடிக்காரர்கள் ஈரத்தலையோடு உட்கார்ந்து “தோள் வரைக்கும் போதும்க்கா” என்றால், காய்ந்த பிறகு காதுமடல் வரை ஏறி நிற்கும். ஈரத்தில் முடியிழை நீள்வது ஓரிரு சதவீதம்தான். பிணைப்பு விட்டுப்போய்த் தண்ணீரின் கனமும் சேர்ந்து சுருளைத் தொங்கவைப்பதுதான் கண்ணை ஏமாற்றுகிறது. நீளத்தைக் காய்ந்த தலையில் காட்டிவிட்டுத்தான் தண்ணீர் தெளிக்கச் சொல்ல வேண்டும்.

ஆண்கள் சலூனில் இந்தத் தொல்லை குறைவு. “அண்ணே, சைடுல ஒண்ணு வைங்க, மேல கை வைக்காதீங்க” என்றால் முடிந்தது. மிஷினில் ஒண்ணாம் நம்பர் என்பது 3 மில்லிமீட்டர், இரண்டு என்பது 6. கடைக்குக் கடை மாறாத அளவு. ‘மீடியமா வெட்டுங்க’ என்பது அளவே அல்ல. அதைக் கேட்கும் அண்ணன் தன் மனதில் இருக்கும் மீடியத்தைத்தான் வெட்டுவார். அதற்கு அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ரசாயன வேலைக்கு நம்பர் கிடையாது. அங்கே தேவைப்படுவது முடியின் வரலாறு. தலைக்கு வெளியே வந்த முடி செத்த பொருள். ஒரு முறை உடைந்ததை அது தானாகச் சரிசெய்துகொள்ளாது. முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக வளரும். 40 சென்டிமீட்டர் நீள முடி என்றால் அதன் நுனி தலையை விட்டு வெளியே வந்து மூன்று ஆண்டு ஆகிறது. இந்த மூன்று ஆண்டில் போட்ட டை, ப்ளீச், ஸ்மூத்தனிங் எல்லாம் எங்கெங்கே பட்டதோ அங்கங்கே அப்படியே இருக்கின்றன. வேரடியில் இருக்கும் இரண்டு விரற்கடை மட்டும் புதுசு. ஒரே தலையில் இரண்டு மூன்று விதமான முடி.

பழைய வேலையைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மறுபடியும் தோல் ஷெட்டுக்கே போகலாம். கரைந்த முடியால் கழிவுநீர் கெடுகிறது என்பதால் முடியைக் கரைக்காமல் முழுசாகக் கழற்றும் முறைகளைப் பல நாடுகளில் தேடினார்கள். சென்னை அடையாற்றில் 1948-இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் நொதிகளைக் கொண்டு வேரை மட்டும் தளர்த்தும் வழியில் நெடுநாள் உழைத்திருக்கிறது. இன்னொரு வழி கேட்க விநோதமாக இருக்கும். சல்பைடு போடுவதற்கு முன்னால் தோலைக் கொஞ்ச நேரம் வெறும் சுண்ணாம்பில் வைத்தால், அதன் பிறகு சல்பைடு போட்டாலும் முடித்தண்டு கரையாது! தடுப்பூசி போட்டது மாதிரி ஆகிவிடுகிறது என்று தோல் வேதியியலர்கள் இதற்கு அதே பெயரையே வைத்திருக்கிறார்கள். வெறும் காரம், பாலத்தில் இருக்கும் இரண்டு கந்தகத்தில் ஒன்றைக் கழற்றி, ஒற்றைக் கந்தகப் பாலமாக மாற்றிவிடுகிறது. சல்பைடுக்கு உடைக்கத் தெரிந்தது இரட்டைக் கந்தகத்தை. ஒற்றையிடம் அதன் கை செல்லாது.

இதே மாற்றம் மனிதத் தலையிலும் நடக்கிறது. காஸ்டிக் வகை ரிலாக்சர் என்று ஒன்று உண்டு. நம் ஊர்ப் பார்லர்களில் அரிது, அமெரிக்காவிலும் ஆப்பிரிக்க நாடுகளிலும் நெடுங்காலப் புழக்கம். அது செய்வது சுண்ணாம்பின் வேலை. அப்படி நீட்டிய முடி மேல் இங்கே தயோகிளைகாலேட் கிரீம் பூசினால் அது ஒழுங்காக வடிவம் ஏற்காது. இரண்டு முறைகளின் சேதமும் ஒன்றாகச் சேர்ந்து முடி ஒடியும். ஆகவே வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வந்து கல்யாணத்துக்காக ஸ்மூத்தனிங் செய்ய உட்காருபவர், அங்கே என்ன போட்டார்கள் என்பதைப் பெயரோடு சொல்ல வேண்டும். ப்ளீச் வேறு வகை. அது பாலத்தை ஆக்சிஜனேற்றி, திரும்பச் சேரவே முடியாத அமிலமாக்கிவிடும். படிகள் ஏற்கெனவே குறைந்த முடியில் மேலும் அறுத்தால் மாட்டுத்தோல் டிரம்முக்குள் நடந்ததன் சின்னப் பதிப்பு நடக்கும். நனைத்த முடியை இழுத்தால் ரப்பர் பசை மாதிரி நீண்டு, திரும்பாமல் அறுந்துவிடும். நல்ல முடி நனைந்த நிலையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு நீண்டாலும் பழைய நீளத்துக்கு வந்துவிடும். அனுபவமுள்ள பார்லர்காரர்கள் வேலைக்கு முன்னால் ஒற்றை முடியை நனைத்து இரண்டு விரல்களுக்கிடையே இழுத்துப் பார்ப்பது, ஆஸ்ட்பரி கம்பளியை இழுத்துப் பார்த்த அதே சோதனைதான்.

மூலிகைதானே என்று சொல்லாமல் விடுகிற பொருள் ஒன்று உண்டு, ஹென்னா. கடுக்காய், நெல்லிக்காயை இரும்புச் சட்டியில் ஊறவைத்துத் தலைக்குப் பூசும் பாட்டி வைத்தியம் தெரிந்திருக்கும். கடுக்காயில் இருக்கும் துவர்ப்புப் பொருளான டானினும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. குரோமியம் வருவதற்கு முன் இந்தப் பகுதியில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் தோல் பதனிட்டார்கள், சில இடங்களில் இன்னமும் செய்கிறார்கள். அந்தத் தோலில் இரும்புத் துரு ஒரு பொட்டுப் பட்டாலும் மைக்கறை விழுந்துவிடும். வேண்டுமென்றே கறுப்பாக்க வேண்டுமானால் அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட், தடவுவார்கள். ஆக, பாட்டியின் சட்டியிலும் பதனிடும் ஷெட்டிலும் வேதியியல் ஒன்றே. அதில் கெடுதல் இல்லை. ஆனால் முடியில் உலோகம் ஒட்டியிருக்கிறது என்பது சேதி. ‘கறுப்பு ஹென்னா’ என்று பாக்கெட்டில் வருகிற சில பொடிகளிலும் உலோக உப்புகள் கலந்திருப்பதுண்டு. அந்த முடியில் பெராக்சைடு பட்டால் உலோகம் அதை மளமளவென்று சிதைக்கும். சூடு கிளம்பும், முடி பாழாகும். வெறும் மருதாணி இலைக்கு இந்த ஆபத்து இல்லை. எது என்று தெரியாவிட்டால் பின்கழுத்துப் பக்கம் பத்துப் பதினைந்து முடியை வெட்டி, ஒரு கிண்ணத்தில் பெராக்சைடும் சில சொட்டு அமோனியாவும் விட்டு அரை மணி நேரம் போட்டுப் பார்க்கலாம். கிண்ணம் சூடானாலோ நுரைத்தாலோ நிறம் சட்டென்று மாறினாலோ அன்றைக்கு வேலை வேண்டாம்.

ஆகவே படத்தைக் காட்டுவதற்கு முன்னால் இப்படி ஆரம்பிக்கலாம்: “அக்கா, போன தீபாவளிக்கு ஸ்மூத்தனிங் பண்ணேன், காதுக்குக் கீழ எல்லாம் அதுதான். அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் பாக்கெட் ஹென்னா. ப்ளீச் போட்டதே இல்ல. மேல வளர்ந்திருக்கே, அதுக்கு மட்டும் போட்டா போதுமா?” கடைசிக் கேள்வி முக்கியம். பழைய முடியின் மேல் மறுபடி கிரீம் ஏறினால், இருமுறை அறுத்த இடம் அது. முடி ஒடிவது பெரும்பாலும் அந்த எல்லைக்கோட்டில்தான்.

‘கெராட்டின் ட்ரீட்மென்ட்’ பற்றிக் கொஞ்சம் கறாராகவே சொல்ல வேண்டும். பெயரைக் கேட்டால் குறைந்துபோன புரதத்தை முடிக்குள் நிரப்புவது போல் இருக்கிறது. பல தயாரிப்புகளில் உண்மையில் வேலை செய்வது ஃபார்மால்டிஹைடு. அது புரத இழைகளுக்கு நடுவே புதிய கட்டுகளைப் போடும். கழுவினாலும் தாங்கும் வெள்ளைத் தோல் பதனிடத் தோல் தொழிலில் பயன்பட்டதும் அதுவேதான். 2004-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் சலூன் ஊழியர்களுக்குக் கண் எரிச்சலும் மூச்சுத் திணறலும் வர, 2010-இல் தொழில் பாதுகாப்புத் துறையினர் மாதிரிகளை எடுத்துச் சோதித்தார்கள். ‘ஃபார்மால்டிஹைடு இல்லை’ என்று எழுதியிருந்த பாட்டிலில் சராசரியாக 8 சதவீதத்துக்கு மேல் இருந்தது. தண்ணீரில் கரைந்தால் அது வேறொரு பெயருள்ள பொருளாக மாறியிருக்கும் என்பதுதான் அந்த வாசகத்துக்குப் பின்னாலிருந்த சாமர்த்தியம். 200 டிகிரிக்கு மேல் சூடான அயர்ன் பட்டதும் பழைய உருவத்தில் ஆவியாகக் கிளம்பிவிடும். வாடிக்கையாளர் ஆண்டுக்கு ஒரு முறை முகர்வதை, ஏ.சி. போட்டு மூடிய அறையில் பார்லர் அக்கா நாள் முழுக்க முகர்கிறார். ஜன்னலைத் திறக்கச் சொல்வது அவருக்காகவும்தான்.

ஃபார்மால்டிஹைடுக்குப் பதிலாக வந்த கிளையாக்சிலிக் அமிலத்தின் மேல் இப்போது வேறொரு சந்தேகம். 2024-இல் பிரெஞ்சு மருத்துவர்கள் ஒரு மருத்துவ இதழில் 26 வயதுப் பெண் ஒருவரைப் பற்றி எழுதினார்கள். மூன்று முறை முடி நீட்டிக்கொண்டார், மூன்று முறையும் சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்பட்டது. பூசிய கிரீமில் அந்த அமிலம் இருந்தது. எலிகளின் தோலில் அதே கிரீமைத் தடவிப் பார்த்ததில் அவற்றின் சிறுநீரகங்களில் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் சேர்ந்தன. தோல் வழியாக உள்ளே போய் ஆக்சலேட்டாக மாறுகிறது என்பது அவர்கள் முடிவு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதைப் பார்லரில் சொல்ல வேண்டுமா என்று முன்பு யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். இனி சொல்வதுதான் சரி.

எங்கள் பக்கத்தில் முடிக்கு வரும் எல்லாக் கேட்டுக்கும் தண்ணீரைக் கைகாட்டிவிடுவது வழக்கம். அதற்கு நியாயமும் இருக்கிறது. தோல் கழிவால் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் கெட்டது, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போன விஷயம். சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதிக்கப்பட்டதாக அந்தத் தீர்ப்பே பேசுகிறது. ஆனால் ‘போர் தண்ணி, அதான் முடி ஒடியுது’ என்பது தனிக் கேள்வி, தனியாகத்தான் சோதிக்க வேண்டும். கோயம்புத்தூரில் தோல் மருத்துவர்கள் அப்படிச் செய்தார்கள். ஒரே ஆட்களின் முடியில் பாதியைக் கடின நீரிலும் மறுபாதியைக் காய்ச்சி வடித்த நீரிலும் நனைத்து, இழுவலிமையை அளந்தார்கள். குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று 2013-இல் வெளியிட்டார்கள். ஒரே ஆய்வு கடைசி வார்த்தை ஆகாது. கடின நீரின் கால்சியம் முடியில் ஒட்டி முரமுரப்பாக்கும் என்பதும் உண்மை. ப்ளீச் செய்த முடியில் பாலம் உடைந்து பிறந்த அமிலம் கால்சியத்தைக் கூடுதலாகப் பிடித்துக்கொள்ளும். வீட்டில் போர் தண்ணீரா, காவிரித் தண்ணீரா என்று சொன்னால் போதும், எந்த ஷாம்பூவில் முதலில் அலச வேண்டும் என்பதைப் பார்லர்காரர் முடிவு செய்துகொள்வார்.

டை அடிப்பவர்களுக்கு இருக்கும் ஆபத்து முடியில் இல்லை, தோலில் இருக்கிறது. கறுப்பு டையில் பெரும்பாலும் இருக்கும் பி.பி.டி. என்ற பொருளுக்குச் சிலர் உடம்பு ஒவ்வாமை காட்டும். அந்த ஒவ்வாமை ஒரு முறை வந்தால் பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது. முதல் முறை டையில்தான் வர வேண்டும் என்பதும் இல்லை. ரம்ஜானுக்கோ கல்யாணத்துக்கோ கையில் வைக்கும் ‘கருப்புக் கோன்’, ஒரு மணி நேரத்தில் கன்னங்கரேலென்று பிடித்தால் அதில் பி.பி.டி. இருக்க வாய்ப்பு அதிகம். மருதாணி இலை அவ்வளவு வேகத்தில், அந்த நிறத்தில் பிடிக்கவே பிடிக்காது. பத்து வருஷத்துக்கு முன் கோன் வைத்த கை கொப்பளித்தது என்றால் அதை மறக்காமல் சொல்ல வேண்டும். தோல் ஃபேக்டரியில் ரசாயனம் பட்டுக் கையில் அரிப்பும் வெடிப்பும் வந்தவர்களும் சொல்வது நல்லது. காதுக்குப் பின்னால் ஒரு துளி டையைத் தடவி 48 மணி நேரம் பார்ப்பதுதான் முறை. அரை மணி நேரத்தில் ஒன்றும் ஆகவில்லை என்று ஆரம்பித்துவிடுவது சோதனையே ஆகாது. இந்த வகை ஒவ்வாமை மெதுவாகத்தான் எழும், இரண்டாம் நாள்கூட ஆகும். அதனால் சனிக்கிழமை கல்யாணத்துக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய் உட்காராமல், புதன்கிழமையே ஒரு நடை போய்க் காதுக்குப் பின்னால் தடவிக்கொண்டு வந்துவிட வேண்டும்.